ந.க.எண் இல்லாத நோட்டு

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் தம்பி, ஒரு சான்றிதழைப் பாதி அடித்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, ராமநாதபுரத்துக்கு முன்னாடி இ போடணுமா, வேண்டாமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"லெட்டர்பேடுல இ இருக்கு. ரப்பர் ஸ்டாம்புல இ இல்ல. ரெண்டும் ஒரே தாள்ல வருது."

சேர்ந்து பத்து நாளில் இதைக் கண்ணில் பிடித்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம். எனக்கு அது உறைக்க ஐந்து வருடம் ஆயிற்று. பதில் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அது ஒரு நீள நோட்டு. பழுப்பு அட்டை போட்டது. அட்டை இரண்டு தடவை மாற்றியாயிற்று. கல்லூரியிலிருந்து வெளியே போகிற தாளில் எதை எப்படி எழுதுவது என்று 2001இலிருந்து நானாக எழுதி வைத்தது. தேதி எப்படி, பெயர் எப்படி, ஊர் எப்படி, யாருக்குத் திரு, யாருக்கு முனைவர், எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்து முதல்வர்களைப் பார்த்துவிட்ட நோட்டு அது. அவர்களில் ஒருவர் அதைச் 'சட்டப் புத்தகம்' என்பார், கிண்டலாகத்தான். ஆனால் "சட்டப் புத்தகத்துல பாத்தீங்களா?" என்று கேட்காமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார்.

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் கொஞ்சம் தள்ளி வரும். முதலில் நோட்டு எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பாம்பன் போகிற வழியில் இருக்கிற உச்சிப்புளிக்காரி. 1996இல் தட்டச்சராக வேலைக்கு வந்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் தேர்வு முடித்திருந்தேன். அப்போது எங்கள் அலுவலகத்தில் கணினி கிடையாது. சுற்றறிக்கை என்றால் ஸ்டென்சில் தாளை மெஷினில் மாட்டி, ரிப்பன் படாமல் வெறும் எழுத்தால் வெட்ட வேண்டும். அப்புறம் சைக்ளோஸ்டைல் மெஷினில் அதை மாட்டி, மை தடவிப் பிரதி எடுக்க வேண்டும். ஓர் எழுத்து தப்பினால் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். நகப்பூச்சு மாதிரி வாடை அடிக்கும். அந்த வாடைக்குப் பயந்தே சுருக்கமாக எழுதப் பழகினேன். இப்போது தப்பை அழிக்க ஒரு விசை போதும். அதனால்தானோ என்னவோ ஆளாளுக்கு முழம் முழமாக எழுதுகிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி, சிவப்பு மையில்: 'இன்று, நாளை, நேற்று எழுதாதே.'

அது என் தப்பிலிருந்து வந்தது. அந்த வருட மழைக்காலத்தில் இரண்டு நாளாக விடாத மழை. அகமதிப்பீட்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் முதல்வர் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'கனமழை காரணமாக நாளை நடைபெறவிருந்த தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது.' தேதி மேல் மூலையில் இருந்தது, ஆனால் ஸ்டென்சில் அந்த இடத்தில் சரியாக வெட்டவில்லை. மை பரவி அப்பிக்கொண்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியதை அடுத்த நாள்தான் பல பிள்ளைகள் பார்த்தார்கள். மறுநாள் தேர்வு இல்லை என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வேறொரு பாடத்துக்குத் தேர்வு இருந்தது, அது நடந்தும் விட்டது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் வரவில்லை.

அவர்களை வரிசையாக நிறுத்திக் கேட்டபோது ஒரு பெண் சொன்னாள்: "நாளைன்னுதானே மேடம் போட்டிருந்துச்சு. நான் பாத்த அன்னைக்கு நாளைன்னா அதுதானே?"

அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. பதினோரு பேருக்கும் மறுதேர்வு வைத்தார்கள். அன்று சாயங்காலம் கல்லூரிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் ஒரு நோட்டு வாங்கினேன்.

வாட்ஸ்அப் வந்த பிறகு இது இன்னும் மோசம். ஒரு சுற்றறிக்கையின் படம் நான்கு நாள் கழித்தும் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. அதனால் தேதியோடு கிழமையும் சேர்த்து எழுதுகிறோம்: 14.11.2024, வியாழக்கிழமை. தேதியைத் தட்டுவதில் தப்பு வந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை அலுவலக ஜன்னலில் வந்து நிற்கும்.

தேதியில் இன்னொரு சங்கதி சாய்கோடு. தமிழ்த் தாளில் நாள், மாதம், ஆண்டு என்று புள்ளி வைத்து எழுதினால் குழப்பம் இல்லை. ஆங்கிலச் சான்றிதழில் மாதத்தை எழுத்தால் எழுத வேண்டும். கீழக்கரைப் பையன் ஒருவனுக்கு நாங்கள் கொடுத்த சான்றிதழில் பிறந்த தேதி 04/05 என்று இருந்தது. நாம் படித்தால் மே 4. அவனுக்கு வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியவர் மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர். ஏப்ரல் 5 என்று நிரப்பிவிட்டார். பாஸ்போர்ட்டில் மே 4. பையன் அங்கே இருந்தான். அவனுடைய வாப்பா தள்ளாத வயதில் பேருந்து ஏறி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். கோபப்படவே இல்லை. "ஒரு சின்னக் கோடுதானம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

திருவள்ளுவர் ஆண்டும் தேதிப் பக்கத்தில்தான் வருகிறது. அரசாணைகளில் போடுகிறார்களே, நம் அழைப்பிதழிலும் போடலாம் என்று ஒரு முதல்வர் ஆசைப்பட்டார். ஆங்கில ஆண்டோடு 31 கூட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று கூட்டிப் போட்டோம். விழாவோ ஜனவரி 10. தமிழ்த்துறையில் ஒரு பேராசிரியை அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார். "தை பொறக்கல, அதுக்குள்ள ஆண்ட மாத்திட்டீங்களே." தை முதல் நாளில்தான் ஆண்டு மாறும், ஜனவரி முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் 30தான் கூட்ட வேண்டும். முந்நூறு அழைப்பிதழில் ஸ்கெட்ச் பேனாவால் திருத்தினோம்.

கடிதத்தின் எலும்புக்கூட்டைப் பற்றி நோட்டில் அதிகம் இல்லை, ஏனென்றால் அது அரசு அலுவலக நடைமுறையில் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், ந.க.எண், நாள், பொருள், பார்வை. புதிதாக வருகிறவர்கள் ந.க.எண்ணை ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நடப்புக் கணக்கு எண் இல்லாத கடிதம் இனிஷியல் இல்லாத பிள்ளை மாதிரி. பதில் வந்தால் எந்தக் கோப்பில் சேர்ப்பது?

எனக்குப் பிடித்தது 'பொருள்' வரி. 'கல்லூரி – மாணவர் சேர்க்கை – 2024–25ஆம் கல்வியாண்டு – கூடுதல் இடம் கோருதல் – தொடர்பாக.' பெரியதிலிருந்து சிறியதுக்குப் படி படியாக இறங்கும். நம் வீட்டு முகவரி இதற்கு நேர் எதிர்: கதவு எண்ணில் தொடங்கி மாவட்டத்தில் முடியும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாளில் எத்தனை கல்லூரிகளிலிருந்து தபால் போகும்! பிரிக்கிறவர் பொருள் வரியைப் பாதி படித்ததுமே எந்த மேசைக்கு என்று தெரிந்துவிட வேண்டும். முன்பு வந்துபோன கடிதங்களைச் சொல்கிற 'பார்வை'யில் பழைய கடிதம் முதலில், புதியது கடைசியில். 'மேற்படி' என்ற சொல்லை மட்டும் நான் தொடவிடுவதில்லை. மேலே இரண்டு மாணவர் பெயர் இருக்கும், கீழே 'மேற்படியாருக்கு' என்று இருக்கும். எந்தப் படியார்?

இனிப் பெயர். நோட்டில் பதினெட்டுப் பக்கம் பெயருக்கே போய்விட்டது.

எங்கள் கடற்கரையில் பெயர்கள் பல துறைமுகம் கண்டவை. பாம்பன், தங்கச்சிமடம் கிறிஸ்தவக் குடும்பங்களில் சந்தியாகு, சவரிமுத்து, இன்னாசி, அருளப்பன், மிக்கேல். ராமேஸ்வரத்தில் நம்புநாயகி அம்மன் பெயரால் நம்புராஜன், நம்பு. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் செய்யது, சேகு, மீரா, முகம்மது. இந்த முகம்மதுவை மட்டும் ஒரே வகுப்பில் ஐந்து விதமாகப் பார்த்திருக்கிறேன்: முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத், முகம்மத். எது சரி என்று தமிழ்த்துறையில் கேட்டால் ஒன்று சொல்வார்கள், பள்ளிவாசலில் கேட்டால் ஒன்று சொல்வார்கள். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'எது சரி என்பது நம் வேலை இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படி. அதில் தப்பு இருந்தால் அந்தத் தப்போடு.'

இதையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பையனின் பெயர் பள்ளிச் சான்றிதழில் 'சவரி முத்து' என்று பிரிந்து இருந்தது. தமிழ் தெரிந்த திமிரில் மாற்றுச் சான்றிதழில் சேர்த்து அடித்துவிட்டேன். படிப்பு முடிந்து அவன் கப்பல் வேலைக்குப் போனபோது, ஆவணம் சரிபார்த்த இடத்தில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று கேட்டிருக்கிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினான். ஓர் இடைவெளிக்கு இத்தனை செலவு. அதைச் செய்தது நான், அலைந்தது அவன்.

தாள் போகிற இடத்துக்கு நாம் கூடப் போய் "அது அப்படி இல்ல சார், நான் சொல்றேன்" என்று சொல்ல முடியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பையனையும் தெரியாது, பாம்பனையும் தெரியாது. அவர் கையில் இருப்பது எழுத்து மட்டும்தான். நோட்டில் எந்தப் பக்கத்தை எழுதும்போதும் அந்த ஜன்னல்காரர்தான் என் மனதில் இருப்பார்.

முன்னெழுத்து அடுத்த தலைவலி. அப்பா பெயர் முகம்மது என்றால் பிள்ளை ஓரிடத்தில் 'எம். பாத்திமா' என்றும் இன்னோரிடத்தில் 'மு. பாத்திமா' என்றும் எழுதும். ஜோசப்பின் மகன் 'ஜே.' ஆகவும் 'ஜோ.' ஆகவும் 'ஜெ.' ஆகவும் இருப்பான். 'எம்.', 'ஜே.' எல்லாம் ஆங்கில எழுத்தின் ஓசையைத் தமிழில் எழுதுவது. 'மு.', 'ஜோ.' என்பவைதான் தமிழ் முன்னெழுத்து. தமிழ்நாட்டு அரசு 2021இல் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. அதற்கு முன்பே என் நோட்டு அந்தப் பக்கம்தான். அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடுகிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது. வரிசை மட்டும் சான்றிதழில் உள்ளபடி.

2022 கடைசியில் ஒரு கூட்டம் வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் நவம்பரில் அறிவித்திருந்தது. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பெயர் ஒன்று, முன்னால் ஓர் எழுத்து. அந்த எழுத்தை விரித்து அப்பா பெயரோடு சேர்த்துச் சான்றிதழ் கொடுங்கள் என்று பழைய மாணவர்கள் கேட்டு வந்தார்கள். கொடுக்க முடியாது, கொடுத்தால் பள்ளிச் சான்றிதழோடு முரண்படும். பெயர் மாற்றம் என்றால் அதற்கு அரசிதழ் இருக்கிறது. எங்களால் முடிந்தது ஒன்று: போனஃபைடில் (இவர் எங்கள் மாணவர் என்று கொடுக்கிற சான்றிதழில்) தந்தை பெயரையும் தாய் பெயரையும் முன்னெழுத்துக்குள் அடைக்காமல் தனித்தனி வரியில் முழுசாக எழுதுவது. அப்படி எழுதினால் அந்த ஓர் எழுத்து யாருடையது என்று தாளே சொல்லிவிடும். அதுவரை 'த/பெ' என்று சுருக்கி ஒரே வரியில் அடைத்துக்கொண்டிருந்தோம்.

பெண் பிள்ளைகளுக்குச் 'செல்வி' போடுவதை நிறுத்தி வெகு நாளாயிற்று. படிக்கும்போதே கல்யாணம் ஆகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. செல்வி என்று வாங்கிய சான்றிதழைத் திருமதி ஆக்கித் தரச் சொல்லி வருவார்கள். இப்போது பெயர் மட்டும், பிறகு 'இவர்'. ஆங்கிலப் படிவத்தில் ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லை அடித்துக்கொண்டே போக வேண்டும். நமக்கு 'இவர்' என்று ஒரு சொல் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்பது நாளைக்கு நாற்பது போனஃபைட் அடிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

சரி, தம்பியின் 'இ'.

இலக்கணப்படி ர என்ற எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் முன்னால் ஓர் இ சேர்ந்து இராமநாதபுரம். அரசுக் கடிதங்களில் அப்படித்தான் வருகிறது. செய்தித்தாளில் பெரும்பாலும் ராமநாதபுரம். வாயில் யாருக்கும் இரண்டும் கிடையாது, ராம்நாடுதான். கல்லூரித் தமிழ்த் தாள் எதிலும் இ உண்டு என்று 2006இல் நோட்டில் எழுதிவிட்டேன். லெட்டர்பேடை மாற்றினார்கள். ரப்பர் ஸ்டாம்பை மாற்றக் கேட்டபோது, "இருக்குறது தேயட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். ரப்பர் அவ்வளவு லேசில் தேய்வதில்லை. (நான் இங்கே ராமேஸ்வரம் என்று எழுதுவதைப் பார்த்துவிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இது என் சொந்த வலைப்பூ, முத்திரை இல்லாத தாள்.)

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு விதி சொல்ல யாராலும் முடியாது. தமிழ் உச்சரிப்பை ஒட்டி ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி 2020 ஜூனில் ஓர் அரசாணை வந்தது. நான் அச்செடுத்து நோட்டில் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போதே திரும்பப் பெற்றுவிட்டார்கள். கீழக்கரை இன்னமும் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. முகவரிச் சான்றில் இருப்பதை அப்படியே எழுதுகிறோம், அவ்வளவுதான்.

மாவட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய பதிவேடுகளில் சிவகங்கைக்காரரும் விருதுநகர்க்காரரும் இராமநாதபுரம் மாவட்டம்தான். பழைய ஆவணத்திலிருந்து நகல் எடுத்துக் கொடுக்கும்போது 'திருத்தி'க் கொடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். கூடாது. அன்றைக்கு என்ன இருந்ததோ அதுதான் ஆவணம்.

இதில் மறக்க முடியாதது எங்கள் காவலாளி அண்ணனின் பணிப்பதிவேடு. 2016இல் ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் கோப்பு தயார் செய்யும்போது பிறந்த ஊர் என்ற இடத்தில் 'தனுஷ்கோடி' என்று இருந்தது. 1958இல் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனபோது ஆறு வயது. கோப்பை அடித்த பையன் எனக்கு உதவி செய்வதாக நினைத்து அதை 'இராமேஸ்வரம்' என்று மாற்றி வைத்திருந்தான். "அங்க ஊரே இல்லையே மேடம், கேள்வி கேப்பாங்க." பதிவேட்டில் உள்ளதை மாற்றினால்தான் கேள்வி வரும் என்று சொல்லித் திரும்ப அடிக்கச் சொன்னேன். காரணம் அது மட்டும் இல்லை. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அச்சான தாளைக் கொடுத்தபோது எழுத்துக் கூட்டிப் படித்தார், அந்த வரியில் விரலை வைத்து ஒரு தடவை. அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

சில பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். எழுத்துரு: பழைய கோப்புகள் வானவில்லில் இருக்கின்றன. வேறு கணினியில் திறந்தால் பேய் எழுதிய மாதிரி வரும். இப்போது யுனிகோடு தவிர வேறு எதுவும் இல்லை. 'மற்றும்': தமிழுக்கு உம் என்று ஒன்று இருக்கும்போது 'இயற்பியல் மற்றும் வேதியியல் மற்றும் கணிதத் துறை மாணவர்கள்' எதற்கு? ஆனால் கல்லூரிகளின் பெயரிலேயே 'கலை மற்றும் அறிவியல்' என்று பதிவாகி இருக்கிறது, அதில் கை வைக்க முடியாது. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகைக்கு முன் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டியபோது பக்கத்துக்குப் பக்கம் 'விவாதிக்கப்பட்டது' என்று இருந்தது. என்ன முடிவானது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று ஒன்றிலும் இல்லை. அந்த வருடத்திலிருந்து கூட்டக் குறிப்பில் மூன்று பத்தி உண்டு: முடிவு, பொறுப்பு, நாள்.

அழைப்பிதழ் மட்டும் வேகமாகத் தாண்ட விடாது. தலைமை ஒருவர், சிறப்புரை ஒருவர், வரவேற்பும் நன்றியும் ஆளுக்கொருவர். 'முன்னிலை' என்பது கடைசிப் பேருந்து மாதிரி, எத்தனை பேர் வந்தாலும் ஏற்றிக்கொள்ளலாம். அதில் கோயில் அறங்காவலரும் ஜமாஅத் தலைவரும் பங்குத்தந்தையும் ஒன்றாக வரும்போது யார் பெயர் முதலில்? ஒரு வருடம் இதற்காக அழைப்பிதழ் மூன்று தடவை மெய்ப்புக்குப் போய்வந்தது. அதன்பிறகு அகர வரிசை. அடைமொழி, அவரவர் லெட்டர்பேடில் என்ன இருக்கிறதோ அது. ஜனாப் என்றால் ஜனாப், அருள்திரு என்றால் அருள்திரு, ஒன்றும் இல்லையென்றால் திரு. அகர வரிசையோடு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியாக, அந்தக் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'.

எங்கள் கட்டணச் சுற்றறிக்கை வருடா வருடம் இப்படித்தான் இருக்கும்: 'மாணவ மாணவியர் அனைவரும் தங்களது கல்விக் கட்டணத்தினை உரிய காலத்திற்குள் செலுத்திடுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தவறும்பட்சத்தில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.' இரண்டு வாக்கியத்தில் இரண்டு 'உரிய'. எது உரிய காலம், என்ன உரிய நடவடிக்கை, யார் கேட்டுக்கொள்கிறார்கள், ஒன்றும் தெரியாது. ஆணையில் இந்த நடை இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அங்கே பேசுவது ஆள் இல்லை, பதவி. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் எதற்கு?

2018இல் அப்போதைய முதல்வரிடம் சொல்லி மாற்றி எழுதினேன்: 'இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கல்விக் கட்டணத்தை 08.06.2018, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் அலுவலகத்தில் கட்டுங்கள். அதற்குமேல் தாமதக் கட்டணம் உண்டு. கட்டச் சிரமம் இருந்தால் காரணத்தை எழுதித் துறைத் தலைவரிடம் கொடுங்கள்.'

ஒரு வாரத்தில் முப்பதுக்கு மேல் கடிதங்கள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய வருடங்களில் நாலைந்து வந்தால் அதிகம். பல கடிதங்களில் ஒரே வாக்கியம், வேறு வேறு கையெழுத்தில்: 'தடைக்காலம் முடிந்ததும் கட்டிவிடுகிறேன்.' அப்போதிருந்த கணக்கர் கரிசல் காட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 'என்ன தடை? யார் விதித்தது? ஆதாரம் இணைக்கவும்' என்று எழுதி என்னிடம் அனுப்பினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல்தான் 61 ஆக்கியிருந்தார்கள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் கடன்தான். நாங்கள் கட்டணத்துக்குக் கடைசி நாள் வைத்திருப்பதோ படகு இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால். வருடா வருடம் அதே வாரத்தில்தான் வைத்திருந்தோம், தடைக்காலம் நீண்ட பிறகும் மாற்றவில்லை. உச்சிப்புளியில் பிறந்து வளர்ந்த எனக்கே இது உறைக்கவில்லை. 'உரிய காலம்' என்று எழுதிக்கொண்டிருந்த வரை அது யாருக்கு உரிய காலம் என்று யாரும் கேட்கவே இல்லை. தாமதக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார்கள்.

முப்பது கடிதத்தையும் ஒரு கட்டாகக் கட்டி, மேலே ஒரு குறிப்பு வைத்து முதல்வர் மேசைக்கு அனுப்பினேன். பொருள்: 'கல்லூரி – கல்விக் கட்டணம் – இறுதி நாள் மாற்றம் – தொடர்பாக.' ஜூன் 29க்கு மாற்றினார். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து கடைசி நாள் ஜூன் கடைசி வாரம்தான். கணக்கருக்காக நோட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'தடைக்காலம் – விளக்கம் கேட்க வேண்டாம்.'

தம்பி இப்போது நோட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இப்போதைய முதல்வர் அதைச் சுற்றுக்கு விடப் போகிறாராம், அதற்கு ஒரு ந.க.எண்ணும் கொடுத்தாயிற்று. நான் ஓய்வு பெறுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். நேற்று (மன்னிக்கவும், 12.06.2025, வியாழக்கிழமை) இருபத்தேழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அருட்தந்தை என்று நான் எழுதியிருக்கிறேன். அருள் கூட்டல் தந்தை புணர்ந்தால் அருட்டந்தைதானே வரும் என்று கேட்கிறார். அப்படிப் போட்டு அழைப்பிதழ் அடித்தால் பங்குத்தந்தை நம்மை என்ன நினைப்பார் என்று நான் கேட்டேன். தமிழ்த்துறைக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம்.